மேடை ஒளியின் யாப்பு

கவிஞர்கள் கூடியுள்ள அவையில் மேடை விளக்கைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழலாம். ஒலிக்கு அளவு உண்டாதல் போல ஒளிக்கும் அளவு உண்டு. அதற்கும் ஒரு யாப்பு உண்டு என்பதே இவ்வுரையின் கருத்து.

1959ஆம் ஆண்டு கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் எழுதி இயக்கிய ‘அங்கார்’ என்னும் வங்க நாடகம் அரங்கேறியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் நாடகம் அது. இறுதிக் காட்சியில் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து தொழிலாளரை மூழ்கடிக்கும். அவ்வெள்ளத்தை ஒளியினாலேயே எழுப்பிக் காட்டினார் தபஸ் சென் (1924–2006). அன்று கணிப்பொறியின் துணை இல்லை. விளக்குகளை எந்த வரிசையில், எந்த வேகத்தில் ஏற்றி இறக்குவது என்னும் கணக்கு அவர் உள்ளத்தில் இருந்தது.

இன்று அக்கணக்கைக் கன்சோல் எனப்படும் ஒளிக்கட்டுப்பாட்டுப் பலகை நினைவில் கொள்கிறது. 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ் 512 என்னும் நெறிப்படி, ஓர் இணைப்பில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை படிநிலைகள். ஒளியின் செறிவு ஒரு தடம். விளக்கின் இடவலத் திருப்பமும் மேல்கீழ்ச் சாய்வும் வேறு தடங்கள். இவற்றை அலைபோல் இயக்க நான்கு செய்திகள் போதும்: அடிநிலை, வீச்சு, வேகம், கட்டம்.

இந்நான்கனுள் உயிரானது கட்டமே. எட்டு விளக்குகள் ஒரே கட்டத்தில் ஏறி இறங்கினால் அது வெறும் சிமிட்டல். ஒன்றுக்கொன்று 45 பாகை தள்ளி வைத்தால், அதே எட்டு விளக்குகளில் ஓர் அலை மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கும். அசைவிலும் இதுவே விதி. திருப்பமும் சாய்வும் ஒரே கட்டத்தில் இயங்கினால் ஒளி சாய்கோட்டில் போய்வரும்; வீச்சுச் சமமாக இருக்க, 90 பாகை வேறுபட்டால் வட்டமிடும். தனி விளக்கில் ஒன்றுமில்லை. அடுத்ததோடு அதற்குள்ள உறவே அழகு. சீரும் தளையும் அறிந்தோர்க்கு இது புதிதன்று.

எனினும் யாப்பு மட்டும் கவிதை ஆகாது. இராயபுரத்துக் கரையில் நிற்பவர் அறிவார், கடல் ஒரே அலையை இருமுறை அனுப்புவதில்லை. கன்சோலோ ஒன்றையே ஓயாது அனுப்பும். சிறிது நேரத்தில் கண் அதனைக் கண்டுகொண்டு சலிக்கும். இதற்கு மாற்று எளிது. 7 நொடிக்கு ஒருமுறை வரும் அலையின்மேல் 11 நொடி அலை ஒன்றை மெலிதாக ஏற்றினால், முழுத்தோற்றம் மீண்டும் வர 77 நொடி ஆகும். கடல் மேடையில் மூச்சுவிடத் தொடங்கும். நடிகர் முகத்துக்குரிய விளக்கை மட்டும் இவ்வலையில் சேர்த்தல் ஆகாது. முகம் அசைந்தால் சொல் அசையும்.

வடசென்னைக்கு இது அயலார் செய்தி அன்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் 1994இல் தொடங்கிய நிலையம் பின்னர் விரிவடைந்தது. நிலக்கரி வந்திறங்கவே எண்ணூர்த் துறைமுகம் எழுந்து 2001இல் செயற்படலாயிற்று. நகரத்து மேடைகளுக்கு ஒளி சென்றது. கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்தோர் அதனைச் சுமந்தனர்.

‘அங்கார்’ என்பதற்குத் தணல் என்று பொருள். கரி வெட்டியவனின் முகத்தைக் காட்டவே தபஸ் சென்னின் ஒளி எழுந்தது. விழா மேடைதோறும் வாடகைக்கு வந்திறங்கும் அசையும் விளக்குகள் இன்று முகங்களின்மேல் காரணமின்றிச் சுழல்கின்றன. பொருளின்றி அடுக்கிய எதுகையும் அவ்வாறே. கரிக்கப்பல் வந்தடையும் இக்கரையில் நாடகம் எழுதுவோரும் பாட்டெழுதுவோரும், விளக்கை இயக்கும் இளைஞரை ஒத்திகைக்கு முதல்நாளே அழைத்து, நாடகத்தைப் படிக்கக் கொடுத்தல் வேண்டும். எங்கே அலை வேண்டும், எங்கே அது அடங்கி ஒரு முகம் மட்டும் நிற்க வேண்டும் என்பதை அவர் அறிந்தபின், எண்களைப் பதிக்கட்டும்.