எக்ஸ்ரே யந்திரத்திற்குச் சந்தனம் எதற்கு?
(ஆமத்தூரில் செய்த சொற்பொழிவு)



ஆயுத பூஜையன்று எக்ஸ்ரே யந்திரத்திற்கும் சந்தனம் குங்குமம் வைக்கின்றார்கள். அந்த யந்திரம் யாரால் வந்தது, எப்படி வேலை செய்கின்றது என்பதைப் பற்றியே இன்று பேச ஆசைப்படுகின்றோம்.

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்பவர் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதன் கெடுதி அப்போது ஜனங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் எடிசனிடம் இருந்த கிளாரன்ஸ் டாலி என்னும் கண்ணாடி ஊதும் தொழிலாளி, அக்கதிரில் ஓயாமல் கையைக் காட்டிப் புண்பட்டு, இரண்டு கைகளையும் வெட்டியெடுத்தும் பிழைக்காமல் 1904-ல் மாண்டார். இது தலைவிதியா? அல்ல, அறியாமை. அதைப் போக்கியது பரிகாரமா, ஆராய்ச்சியா?

நம் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். பட்டாசுக் கொட்டகை வெடித்துச் சுவர் சரிந்து ஒரு தொழிலாளியின் தொடையெலும்பு முறிகின்றது. எலும்பைச் சேர்த்துக் கம்பி செலுத்தும்போது உள்ளே பார்க்க, வில்லாய் வளைந்த 'சி-ஆர்ம்' என்னும் எக்ஸ்ரே யந்திரம் வேண்டும். அதை ஒருவர் கையால் தள்ளித் திருப்பிப் படம் பிடிப்பார். கோணம் தவறினால் மறுபடியும் பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் பக்கத்தில் நிற்பவர்மீதும் படுகின்றது. நோயாளிக்கு அது ஒருநாள் சங்கதி. ஊழியருக்கோ அன்றாடப் பிழைப்பு.

இப்போது தானாக இடம் பார்த்து நிற்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. மோட்டார் தொழிற்சாலையில் வேலை செய்யும் யந்திரக்கையிலேயே எக்ஸ்ரேயைப் பொருத்தி, 2008 வாக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்பிற்று என்று அது அளந்து வைத்துக்கொள்கின்றது. பொத்தானை அழுத்தினால் முன்பு நின்ற நிலைக்கே வந்து நிற்கின்றது. இடம் தேடுவதற்காகப் பிடிக்கும் படங்கள் குறைகின்றன. ஊழியரும் தள்ளி நிற்கலாம். இரண்டு பங்கு தூரம் போனால் கதிர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

இந்த யந்திரம் சூலம் பார்த்தா திரும்புகின்றது? ராகு காலத்தில் கோணம் பிசகுகின்றதா? குங்குமம் வைக்காத நாடுகளில் ஓடாமல் நிற்கின்றதா?

அன்றியும், யந்திரம் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடி நம்புவதும் மூடநம்பிக்கையே. நோயாளி சற்று அசைந்தாலும் கணக்குத் தவறும். பார்த்துத் திருத்த வைத்தியரின் அறிவு வேண்டும்.

சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் ஏற்பட்டது. நமது விருதுநகரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி வர 2022 ஆயிற்று. ஆதலால் தோழர்களே, கும்பாபிஷேகத்திற்கு வசூல் செய்யும் ஊக்கத்தில் பாதியையாவது, நல்ல யந்திரமும் அதை ஓட்டுபவருக்கு ஈயக் கவசமும் எல்லா அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வேண்டுமென்று கேட்பதில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்கின்றோம்.