மலைசூழ் கண்டியும் பாலாற்றங்கரையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற தை மாதத்தில் நாங்கள் குடும்பத்தோடு இலங்கைக்குச் சென்று வந்த செய்தி எவ்வாறோ சங்கச் செயலாளர் செவிக்கு எட்டிவிட்டது. "கண்டியைப் பற்றிப் பேசுங்கள், ஏரி, மலை, யானை எல்லாவற்றையும் சொல்லுங்கள், பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்" என்று பணித்தார். ஏரியையும் மலையையும் சொல்லத் தடையில்லை. யானைதான் குறைவாக வரும். அந்நகரின் புகழ்பெற்ற பெரஹரா ஊர்வலம் ஆடி ஆவணியில் நிகழ்வது. நாங்கள் சென்ற தை மாதத்தில் யானைகள் ஓய்வில் இருந்தன.

ஏரி என்றதும் நம் காலனியில் வளர்ந்தவர்கட்கு நினைவில் எழுவது பேத்தமங்கலமே. பாலாற்றை மறித்து அமைத்த அந்நீர்நிலையிலிருந்தே நம் சுரங்கத்துக்கும் வீடுகளுக்கும் குழாய்வழி நீர் வந்தது. நம் பாட்டிமார் தெருக்குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பிடித்த நீர் அது. அந்த நீருக்கும் கண்டி நகருக்கும் ஓர் உறவு உண்டு என்பதைப் புறப்படும்போது நாங்கள் அறிந்தோமில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முன்னாளில் இலங்கைக்குச் செல்வோர் தனுஷ்கோடி வரை ரயிலில் சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவர். 1964 டிசம்பரில் வந்த பெரும்புயல் தனுஷ்கோடியையே விழுங்கிவிட்டது. நாங்கள் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, அங்கிருந்து விமானத்தில் கொழும்பு அடைந்தோம். மறுநாட் காலையில் கோட்டை நிலையத்தில் கண்டி வண்டியைப் பிடித்தோம். அவ்விருப்புப்பாதை 1867-இல் கண்டியை எட்டியது. மலைநாட்டுக் காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே போட்ட பாதை என்பர். தென்னையும் நெல்வயலுமாய்ச் சென்றுகொண்டிருந்த வண்டி, கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் அதலபாதாளம், பள்ளத்தின் அடியில் படிப்படியாய்ப் பச்சை வயல்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் இந்த அரைமணி நேரத்துக்கே கட்டணம் தகும். பேராதனைச் சந்திப்பில் பாதை இரண்டாய்ப் பிரிகிறது. ஒன்று ஹட்டன், நானுஓயா வழியாகப் பதுளைக்கு ஏறுகிறது. மற்றொன்று கண்டிக்குத் திரும்புகிறது.

கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் உள்ளது. நமது தங்கவயல் அதனினும் ஆயிரம் அடிக்கு மேல் உயரமானது என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நாம் உயரத்தில் இருந்தும் நம்மைச் சுற்றி எழுந்து நிற்கும் மலை இல்லை. நம் ஊரில் மலை என்று சொல்லத்தக்கவை சயனைடு மண்மேடுகளே. கண்டியோ ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போன்ற நகர். தெற்கே ஹந்தானை மலை. வடகிழக்கே மேகம் படிந்த தும்பறை மலைகள். மேற்குக் குன்றின் உச்சியில் வெண்ணிறப் புத்தர் சிலை. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து அகழிபோல் ஓடுகிறது. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் கரையோரம் முழுவதையும் பிடித்த பின்னும், 1815 வரை இந்நகர் தனியரசாய் நின்றது என்றால், அதற்குப் பாதிக் காரணம் இம்மலைகளும் இவ்வாறுமே.

நகரின் நடுவில் ஏரி. சுற்றி நடக்க ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். கரையெங்கும் பழம்பெரு மரங்கள் நீரின்மேல் கவிந்து நிற்கின்றன. கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. படிக்கட்டில் உடும்பினும் பெரிதாக ஒரு பிராணி, நம்மைப் பொருட்படுத்தாமல் வெயில் காய்கிறது. மீன்களுக்குப் பொரி தூவுவோரும் உளர். கரையோரம் அலைவடிவில் ஒரு வெண்மதில் ஓடுகிறது. அதனை முகில்மதில் என்கின்றனர். அதன் முக்கோண மாடங்களில் விளக்கேற்றினால், மதிலின் நிழல் நீரில் ஆட, நகரமே வானத்தில் மிதப்பதுபோல் தோன்றும் என்பது அதனைக் கட்டியவர்களின் கருத்து. மதில் முழுதும் முடியவில்லை. அதன் முன்னே அரசன் முடிந்துபோனான்.

எங்களோடு வந்த சிறுவன் ஒருவன், "இந்த ஏரியை யார் தோண்டினார்கள்?" என்று கேட்டான். வழிகாட்டியவர், "1807-ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டினார்" என்றார். "கட்டியது அவர், தோண்டியது யார்?" என்று மீண்டும் கேட்டான். சுரங்கத் தொழிலாளியின் பேரன் அல்லனோ! வழிகாட்டி சிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

அக்கேள்விக்கு விடை நூல்களில் உண்டு. தலதா மாளிகையின் முன்னிருந்த நெல்வயற் பள்ளத்தில் அணையிட்டு, குடிமக்களைக் கட்டாய வேலைக்கு அழைத்துச் செய்த ஏரி அது. எதிர்த்தவர்கள் ஏரிப்படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என ஆங்கிலேயர் எழுதிவைத்தனர். வென்றவர் எழுதிய கணக்கில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பதை ஆய்வாளர் தீர்ப்பாராக. 1814-இல் எகலப்பொலை என்னும் பிரதானியின் மனைவியும் மக்களும் இம்மன்னன் ஆணையால் கொல்லப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. இவன் பிறப்பில் கண்ணுசாமி என்னும் பெயருடைய நாயக்க குலத்தவன். மதுரைப் பக்கத்திலிருந்து கண்டி அரசர்க்குப் பெண் கொடுத்து வந்த குடியினர், 1739 முதல் தாமே அரியணை ஏறினர். அவ்வழியில் நான்காமவன் இவன், இறுதி மன்னன். "எங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரசன்" என்று மார்தட்டும் எண்ணத்தோடு சென்ற நாங்கள், ஏரியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் அந்த எண்ணத்தைக் கரையிலேயே வைத்துவிட்டோம். அழகிய ஏரி, ஆயினும் கொடிய ஏரி.

தலதா மாளிகையைப் பற்றி நூல்கள் பல உள. புத்தபிரானின் பல் அங்கே பேழையுள் பேழையாய் வைத்துப் போற்றப்படுகிறது. நாங்கள் வியந்தது அதன் எதிரே உள்ள சிறு கோயில்களைக் கண்டு. நாதர், திருமால், கதிர்காமக் கந்தன், பத்தினி என நான்கு தேவாலயங்கள். பத்தினி என்பவள் வேறு யாருமல்லள், நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுவதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தச் செய்தி அங்கே இன்னும் மணியடித்துப் பூச்சாற்றி வழிபடும் செய்தியாக உள்ளது. பெரஹரா ஊர்வலத்தில் இந்நான்கு கோயில்களின் அணிகளும் சேர்கின்றன. பத்தினியின் அணியில் பெண்கள் செல்வது மரபு. பொற்சிலம்பால் கணவனை இழந்தவளுக்கு முன், பொன் எடுத்த ஊரிலிருந்து சென்ற எங்கள் வீட்டுப் பெண்கள் நெடுநேரம் கைகூப்பி நின்றார்கள்.

பேராதனைப் பூங்காவைப் பார்த்தோம்; பனைவகை மரங்கள் அணிவகுத்த சாலைகள் நன்று. மேலும் சொல்வதாயின் பொழுது போதாது.

மூன்றாம் நாள் ஹந்தானை மலைக்கு ஏறினோம். அங்கே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காட்சிசாலை ஆக்கியிருக்கிறார்கள். கண்டியை அடுத்த லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்ட வரலாறு அங்கே விளங்குகிறது. அதற்கு முன் அம்மலைகளில் விளைந்தது காப்பி. 1869-இல் இலைநோய் தோன்றி அது சில ஆண்டுகளில் அழிந்தது. காப்பிக் காலத்தில் நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்க்குக் கணக்கில்லை. எந்திரங்கள் கண்ணாடியைத் துடைத்தாற்போல் வைக்கப்பட்டிருக்கின்றன. கொழுந்து பறித்த கைகளுக்கு அங்கே கிடைத்த இடம் சில படங்களே. நம் ஊர்ச் சுரங்கக் காட்சிப்படங்களிலும் துரைமார் நாற்காலியில் அமர்ந்திருக்க, பின்வரிசையில் நிற்போர்க்குப் பெயர் இல்லாததைக் கண்டிருக்கிறோம்.

அருகே ஒரு தோட்டத்தில், பாதையோரத்து வீட்டு வாசலில் முதிய தாயார் ஒருவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார்.

"ஐயா எந்த ஊரு?"

"கோலார் தங்கவயல், அம்மா. பெங்களூருக்குப் பக்கம். பெரியவர்கள் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள்."

"அங்கேயும் தோட்டமா?"

"தோட்டமில்லை, சுரங்கம். மண்ணுக்குக் கீழே வேலை."

அவர் சற்று யோசித்தார். "இருக்கிறது லயமா?" என்றார்.

"ஆமாம் அம்மா, நாங்களும் லைன் வீடுதான்" என்றோம். அவ்வளவில் அவர் பாய் எடுத்துப் போட்டார். தேநீர் வந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாய் ஒற்றையறைகள், முன்னே ஒரு திண்ணை, பின்னே புகை படிந்த அடுப்பு. எங்களுக்கு அந்த வீட்டில் புதியது ஒன்றுமில்லை.

அவர் சொன்ன கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டத்தால், மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் நின்றனர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என முடிவாயிற்று. சந்தையில் மூட்டையைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர்க்கு இந்தியத் தாளும் மற்றொருவர்க்கு இலங்கைத் தாளும் வந்தன. அந்தத் தாயாரின் தமக்கை 1970-களில் கணவரோடு தலைமன்னார்க் கப்பலேறினார், இவர் தங்கினார். தங்கியவர்களிலும் எஞ்சியோர்க்கு முழுக் குடியுரிமை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிடைத்தது. தமக்கை நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததாக முதலில் கடிதம் வந்ததாம். 1983 கலவரத்தில் இவர்கள் இருந்த லயத்தை விட்டு ஓடியபோது முகவரியும் போயிற்று, கடிதமும் நின்றது.

"நீங்க இருக்கிறது கோத்தகிரிக்குக் கிட்டவா ஐயா?" என்று கேட்டார்.

தங்கவயலுக்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள தொலைவைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. "விசாரிக்கிறோம் அம்மா" என்று சொல்லி, தமக்கையின் பெயர், கணவர் பெயர், விட்டுச்சென்ற தோட்டத்தின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

நமக்கு அப்படி நாடு போகவில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தொழில் போயிற்று. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுத்த சுரங்கம் நின்ற பின்பும், நாம் இதே லைன்களில் இருக்கிறோம். நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பெங்களூர் வண்டியைப் பிடிக்கிறார்கள். "வேலை இல்லாத ஊரில் ஏன் இருக்கிறீர்கள், சொந்த ஊருக்குப் போகலாமே" என்று நம்மைக் கேட்பவர்களும் உண்டு. எது சொந்த ஊர் என்று அந்தத் தாயாரிடம் நாங்கள் கேட்கவில்லை. எம்மிடம் கேட்டால் எரிச்சல் வரும் கேள்வியைப் பிறரிடம் கேட்பது எப்படி?

இனி, பாலாற்றுச் செய்தி. ஊர் திரும்பிய பின் உறவினர் திருமணத்துக்காக வேலூர் சென்றோம். கோட்டைக்குள் ஒரு பழைய கட்டடத்தைக் கண்டி மகால் என்றனர். அப்பெயர் எங்களை நிறுத்திற்று. 1815 பிப்ரவரியில் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் மறு ஆண்டு தொடக்கத்தில் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, இந்த வேலூர்க் கோட்டையில்தான் சிறைவைத்தனர். நம் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்தவர் எனப்படும் ஹைதர் அலியின் பேரர்களும் 1806 சிப்பாய்க் கிளர்ச்சி வரை இதே கோட்டையில்தான் காவலில் இருந்தனர். கண்டி மன்னன் பதினாறு ஆண்டுகள் அங்கிருந்து, 1832 ஜனவரி 30-ஆம் நாள் இறந்தான். அவனது சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது. அதன்மேல் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் 1990-இல் திறக்கப்பட்டது.

அங்கும் சென்றோம். அவன் அரியணை இங்கிலாந்துக்குப் போய், 1934-இல் இலங்கைக்கே மீண்டது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அதனை நாங்கள் கண்டிருந்தோம். அவன் மீளவில்லை. மண்டபத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. மலைகளின் நடுவே ஏரி கட்டி, நீரில் நகரை மிதக்கவைக்க எண்ணியவனின் தலைமாட்டில் ஆறு மணலாய்க் கிடந்தது. கோலார் மாவட்டத்து ஏரிகளெல்லாம் நிறைந்து, பேத்தமங்கலமும் வழிந்தால்தான் மேலிருந்து அங்கே நீர் போய்ச் சேரும். நம் குடத்தில் வந்தது போக மிஞ்சியது அவன் காலடி வழியே ஓடியிருக்கிறது. எங்கள் சிறுவன் அங்கும் மணலைக் கையால் தோண்டி, எவ்வளவு ஆழத்தில் ஈரம் என்று பார்த்தான். முழங்கை வரை சென்றபின் ஈரம் இருந்தது.

அன்பர்களே, எழுதி வந்த தாள் இன்னும் எங்களிடமே உள்ளது. கோத்தகிரிக்குச் சென்று தேட எங்களுக்கு இதுவரை வாய்க்கவில்லை. அப்பெயர்களை மேடையில் படிப்பது முறையன்று. நீலகிரித் தோட்டங்களில் உறவுடையோர் இவ்வவையில் சிலராவது இருப்பீர்கள். விருந்து முடிந்ததும், வாசலில் பந்தற்காலின் அருகே நிற்போம். வந்து தாளைப் பார்த்துச் செல்லுங்கள்.