‘இருக்கலாம்’ என்னும் சொல்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இராயபுரத்தில் வாழும் பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இளமையில் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, துறைமுக வேலையில் நரைத்து, ஓய்வு பெற்றவர். கண்ணாடி மாற்றச் சென்ற இடத்தில் மருத்துவர் சொல்கிறார்: “புரை தொடங்கியிருக்கிறது. கண்ணின் நீர் அழுத்தமும் சற்று மிகுதி. கிளாக்கோமாவாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.” நோய் உண்டு என்றால் மருந்தைத் தேடலாம், இல்லை என்றால் நிம்மதியாக உறங்கலாம். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வது?

சமணக் குடியில் பிறந்தவர்க்கு இச்சொல் புதிதன்று. ‘சியாத்’ என்று தொடங்கிப் பேசுவது அருகன் நெறி. அதை ஐயவாதம் என்று பிற சமயத்தார் இகழ்ந்ததும், அது அன்று என்று சமண ஆசிரியர்கள் விடையிறுத்ததும் அவை அறிந்ததே. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் வரம்பாக வைத்து, ‘இந்த அளவில் இது உண்மை’ என்று உரைப்பதே சியாத்வாதம். மருத்துவர் கூறிய ‘இருக்கலாம்’ என்பதும் அத்தகையதே. இன்றைய அழுத்தம் இவ்வளவு, நரம்பின் தோற்றம் இவ்வாறு, இவற்றை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது என்பதே அதன் பொருள். சொன்னவர் தடுமாறவில்லை, கேட்டவரே தடுமாறுகிறார்.

அவர் பெற்று வந்த இரு பெயர்களும் ஒரு தன்மையன அல்ல. புரை என்பது விழியாடி மங்குதல். அதனால் குறைந்த பார்வையை அறுவை செய்து, செயற்கை ஆடி பொருத்திப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கிளாக்கோமாவோ விழியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை அரிப்பது. பெரும்பாலும் வலியில்லை, சிவப்பில்லை; பக்கப் பார்வையே முதலில் தேயும். தேய்ந்தது மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். முதியோர் பலர் மங்கலை உணர்ந்ததும், “புரைதானே, முற்றட்டும்” என்று காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பின் மறைவில் மற்றது வளர்ந்துவிடக்கூடும்.

2000க்குப் பின் சென்னையிலும் அண்டைச் சிற்றூர்களிலும் நாற்பது வயது கடந்தோரிடம் நடந்த ‘சென்னை கிளாக்கோமா ஆய்வு’, திறந்த கோணக் கிளாக்கோமா நகரத்தாருள் நூற்றுக்கு 3.5 பேருக்கும், சிற்றூராருள் 1.6 பேருக்கும் இருக்கக் கண்டது. அவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் அதுவரை தம் நோயை அறியாதவர்கள். பெரும்பாலோரின் அழுத்தம், வழக்கமான மேலெல்லை எனப்படும் 21க்கு உட்பட்டே இருந்தது. ஆகவே அழுத்தத்தை ஒருமுறை அளந்து, “சரியாக இருக்கிறது” என்று கேட்டதோடு அமைதல் போதாது. நரம்பையும் பார்வைப் புலத்தையும் ஆராய்தல் வேண்டும்.

அஞ்சுவோர்க்கு மற்றொரு கணக்கும் உண்டு. அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் கிளாக்கோமா தோன்றியது, மருந்து இடாதவருள் நூற்றுக்கு 9.5 பேருக்கு, இட்டவருள் 4.4 பேருக்கு. மருந்து இடரைப் பாதியாக்குகிறது. மருந்தின்றியே பத்தில் ஒன்பது பேர் அந்த ஐந்தாண்டைத் தீங்கின்றிக் கடந்தனர். ‘இருக்கலாம்’ என்பதற்குள் அச்சமும் ஆறுதலும் எவ்வளவு என்பதை இந்த எண்களைக் கொண்டு அளந்துகொள்ளலாம்.

இராயபுரத்திலிருந்து எழும்பூர் தொலைவன்று. அங்குள்ள அரசு கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது. 1909இல் அங்கே கண்காணிப்பாளராயிருந்த எலியட் என்பவர், விழிவெண்படலத்தில் நுண்துளையிட்டு நீரை வடிக்கும் கிளாக்கோமா அறுவை முறையை உருவாக்கினார். உலகெங்கும் அது பரவியது. அத்தகைய இடம் அருகிலிருக்க, வடசென்னை மக்கள் கண் சிவந்தால் மருந்துக் கடையை நாடுவது வருந்தத்தக்கது. கொள்கலன் லாரிகளின் புழுதியும் எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூளும் உறுத்தும் விழிக்கு, ‘போன முறை கேட்டது’ என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அதை மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் இட்டால் கண் அழுத்தம் உயரலாம், புரையும் விளையலாம். உறுத்தலுக்குத் தேடிய மருந்தே இரு நோய்களையும் அழைத்து வரும்.

சமணக் குடும்பங்களுக்கே உரிய இடையூறு ஒன்றும் உண்டு. கிளாக்கோமா மருந்துகளுள் சில, இரவு படுக்கும் முன் இடுவன. கண்ணில் விட்ட துளி மூக்கின் வழியே இறங்கித் தொண்டையில் கசக்கும். பொழுது சாய்ந்தபின் எதுவும் உட்கொள்ளாத நெறியுடையோர், நோன்பிருக்கும் தாய்மார்கள், அக்கசப்புக்கு அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவது உண்டு; வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. துளி விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை விரலால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்தினால், துளி தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும். மாலையிலேயே, ஒரே நேரத்தில் நாள்தோறும் இடலாமா என்றும் கேட்கலாம். பாரணையின்போது ஒரே மூச்சில் நிறைய நீர் பருகுவதும் நன்றன்று. விரைந்து குடித்த ஒரு லிட்டர் நீர், கண் அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தவல்லது.

“எல்லாம் வினைப்பயன், வருவது வரும்” என்போரும் உளர். எண்வினைகளுள் தரிசனாவரணீயத்தைக் காட்சியை மறிக்கும் வாயிற்காவலனுக்கு ஒப்பிடுவர். அதன் பிரிவுகளில் முதலாவது கண்ணின் காட்சியை மறைப்பது. ஆயினும் வினை கழிவதற்கு முயற்சி வேண்டும் என்றே ஜினர் கூறினர். மருந்து ஈதலை நால்வகைத் தானத்துள் ஒன்றாக வைத்த சமயம், தன் கண்ணுக்கு மருந்து இடுவதைத் தடுக்குமோ?

இனி அந்தப் பெரியவர் செய்யத்தக்கது சிறிதே. ஒளிப்புள்ளியைக் கண்டால் பொத்தானை அழுத்தச் சொல்லும் பார்வைப் புலச் சோதனையில், முதல் முறை பலரும் தவறுவர். அன்றைய தாளைக் கண்டு கலங்காமல் மறுமுறை அமர்தல் வேண்டும். அழுத்த அளவு, நரம்பின் படம், புலச் சோதனைத் தாள் ஆகியவற்றை நாள் குறித்து ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும். அடுத்த அளவோடு ஒப்பிடும்போதுதான் ‘இருக்கலாம்’ ஒருபக்கம் சாயும். இந்நோய் குடும்பவழியிலும் தொடர்வதால், உடன்பிறந்தோரும் நாற்பதை நெருங்கும் மக்களும் தம் கண்களைக் காட்டச் செல்லும் நாளில், அந்தக் கோப்பையும் உடன் எடுத்துச் செல்வார்களாக.