ஓ.டி.பி. அமெரிக்காவில், கிரைண்டர் கல்கத்தாவில்

(கொல்கத்தா உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடை கண்ணிகளில் நாம் படும் பாட்டைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி சொன்னார். கல்கத்தாவில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு (கொல்கத்தா என்று என் வாயில் இன்னும் வருவதில்லை) இதற்குத் தயாரிப்பு எதற்கு? "தொய்" என்று கேட்டு வாங்கி வந்து, தயிர்சாதம் பிசைந்து, வாயில் வைத்தால் பாயசமாக இனித்த அனுபவம் இங்கே எத்தனை பேருக்கு உண்டு! "டொக் தொய்" என்று கேட்க வேண்டும் என்பதை யாராவது ஒரு மாமி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். புழுங்கலரிசிக்கு "ஷெத்தோ சால்", பச்சரிசிக்கு "ஆதொப் சால்". ஆறு மாதத்தில் இதெல்லாம் பழகிவிடும். லேக் மார்க்கெட் பக்கம் போனால் வாழையிலையும் காப்பிப்பொடியும் அப்பளமும் கிடைக்கிறது. நமக்கு என்ன குறை?

இப்போது வந்திருக்கும் சிரமம் வேறு ரகம். பாஷை தெரிந்தும் அதில் பிரயோஜனமில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் என் பிள்ளை, அம்மா கையால் மாவு அரைத்துக் கஷ்டப்படுகிறாள் என்று அங்கிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு டேபிள்டாப் கிரைண்டர் ஆர்டர் செய்தான். நான்காம் நாள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. மூன்றாம் வாரம் மோட்டார் கருகிவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இருபது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். "சார், ரிஜிஸ்டர் ஆன நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்றாள். அந்த நம்பர் பிள்ளையுடையது. இங்கே காலை 11 மணி, அங்கே நடுராத்திரி. அவன் எழுந்து சொல்வதற்குள் ஓ.டி.பி. காலாவதி! "நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லை சார்" என்று கடைசியில் சொன்னாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அரைப்பது என் அகத்தில், கருகின நாற்றம் என் சமையலறையில், நான் கஸ்டமர் இல்லையாம். ரசீதின் அடியிலோ, வழக்கு என்றால் வேறொரு ஊரில்தான் என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி.

நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்று இப்படித்தானே? வாங்குவது அங்கே, உபயோகிப்பது இங்கே இருக்கும் கிழவனும் கிழவியும். ஆகையால் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பணம் கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் அல்ல. அவர் சம்மதத்தோடு பொருளை உபயோகிப்பவரும் நுகர்வோர்தான். இது 1986-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ வியாஜ்யத்துக்குக் காரணம் ஏற்பட்ட ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவில், புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம் என்று சேர்த்துவிட்டார்கள். சொந்த ஊரை விட்டு வந்து குடியிருக்கும் நமக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று போர்டு மாட்டியிருப்பார்கள். மாட்டட்டும். பழுதான பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. ரசீது தர மறுப்பதும் அப்படியே.

நேரே வழக்குக்குப் போக வேண்டும் என்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்கு எடுத்துச் சொல்வார்கள். நான் அங்கே பதிவு செய்தேன். கூடவே இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு கம்பெனிக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் புது கிரைண்டர் வந்தது. கொண்டுவந்த பையன் ஓ.டி.பி. கேட்கவில்லை, கையெழுத்துத்தான் கேட்டான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பிள்ளையோ பெண்ணோ எது வாங்கி அனுப்பினாலும் ரசீதின் நகலை அன்றைக்கே உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அச்செடுத்து வாரண்டி அட்டையோடு வையுங்கள். அது இல்லாமல் வாதாடுவது கஷ்டம்.

அந்தக் கடிதத்தின் மாதிரி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருபது பிரதி கொண்டுவந்திருக்கிறேன். வெளியூர் உறுப்பினர்கள் காரியதரிசிக்கு எழுதினால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போண்டா போடும் வாசனை வருகிறது.