உளுத்த மரமும் ஊர் வாகனமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி நேற்று இம்முகாமில் விரிவாகக் கேட்டீர்கள். இன்று நாம் பேசப் புகுவது மரத்தைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி. வயலில் விழுந்த பூச்சியால் ஒரு போகம் கெடும். அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். பழைய சாவடித் தூணிலும், கோயில் கதவிலும், தேரிலும், வாகனத்திலும் பூச்சி விழுந்தால் அந்த வேலைப்பாட்டை மறுபடி விதைத்து எடுக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் திருவிழா நடந்தது. ஐந்தாம் நாள் இரவு வீதியுலா முடிந்து அம்மனின் சிம்ம வாகனத்தை இறக்கி வைத்தபோது, பின்கால் ஒன்று மளுக்கென்று முறிந்தது. நல்லவேளையாக எவர் காலிலும் விழவில்லை. முறிந்த இடத்தில் மேலே பளபளக்கும் சிவப்பு எனாமல் வண்ணம். உள்ளே சலித்தெடுத்த மாவு போன்ற தூள். மறுவாரமே ஊர்க்கூட்டம் கூடிற்று. பழையதை ஆற்றில் விட்டுவிட்டுப் புதிய வாகனம் செய்வதென்று ஏறக்குறைய முடிவாகி, நன்கொடைப் பட்டியல்கூடத் தயாராயிற்று. நாம் ஒரு வார அவகாசம் கேட்டோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஊர்த் தச்சரை அழைத்து, உளிப்பிடியால் வாகனம் முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொன்னோம். முகம், பிடரி, உடல் எல்லாம் கணீரென்றன. கால்கள் நான்கும் பொத்தென்றன. விசாரித்ததில், அக்கால்கள் பத்தாண்டுகளுக்கு முன் மாமரத்தில் மாற்றியவை என்று பெரியவர் ஒருவர் நினைவுபடுத்தினார். பாட்டனார் காலத்து மரம் கெடாதிருக்க, பத்தாண்டு மரம் உளுத்துவிட்டது!

இதில் வியப்பில்லை. மரத்தைப் பொடியாக்கும் சிறு வண்டினத்திற்கு வேண்டியது வெளிற்று மரத்திலுள்ள மாவுச்சத்து. வைரம் பாய்ந்த தேக்கில் அதற்கு இரை கிடையாது. அறுத்த சூட்டில், வெளிறும் வைரமும் கலந்து வாங்கிச் செய்த புது மரவேலையே அதற்கு விருந்து. மூங்கிலை வெட்டியவுடன் குளத்தில் ஊறப்போடும் நம் முன்னோர் வழக்கம் இச்சத்தை நீரில் கரைத்து வெளியேற்றுவதற்கே. ஆகவே பழையதைக் கழித்துவிட்டு அவசரத்தில் புதியது செய்வோர், பூச்சிக்குத்தான் உபகாரம் செய்கின்றனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரத்தின் மேல் நாம் காணும் குண்டூசித் துளை வண்டு புகுந்த வழியன்று, புறப்பட்ட வழி. தாய்வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுகிறது. புழு பல மாதங்கள் உள்ளேயே குடைந்து தின்று, வண்டாகிய பின்னரே வெளியேறுகிறது. துளை தெரியும்போது உள்ளே ஒரு தலைமுறை உண்டு முடித்துவிட்டது என்று பொருள். அத்துளையை மக்கு வைத்து அடைத்து வண்ணம் பூசுவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

எப்பூச்சி என்பதைத் தூளே சொல்லும். முகப்பவுடர் போன்ற நுண்தூளாயின் மேற்கூறிய வண்டு. கசகசா போல் கரகரப்பான சிறு மணிகள் உதிர்ந்தால், தரையோடு தொடர்பின்றி உலர்ந்த மரத்திற்குள்ளேயே வாழும் கறையான்; இது பழைய மரத்தையும் விடாது. மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு சுவரில் ஏறுவது நீங்கள் அறிந்த நிலக்கறையான். தூள் பழையதா புதியதா என்று ஐயமிருந்தால், நன்றாகத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புத் துணி விரித்துப் பதினைந்து நாள் கழித்துப் பாருங்கள். துணியில் மீண்டும் தூள் விழுந்திருந்தால் பூச்சி உயிருடன் இருக்கிறது. விழாவிட்டாலும் ஒரு கோடை முழுவதும் பார்த்த பிறகே நிம்மதி கொள்ளலாம்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து ஓக் மரக் கூரை பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. 1913-இல் அதை ஆராய்ந்தபோது, உத்திரங்களை ஒருவகை வண்டு குடைந்திருப்பது தெரியவந்தது. அதற்கு மருந்து காண அழைக்கப்பட்ட மாக்ஸ்வெல் லெஃப்ராய் என்பவர் அதற்குமுன் நம் நாட்டில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் நிபுணராக இருந்தவர். இந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றி 1906-இல் நூல் வெளியிட்டவர். அவ்வகை வண்டு ஈரம் கண்ட மரத்திலேயே செழிக்கும். நிலக்கறையானும் அப்படியே. ஆதலால் சாவடிக்கு மருந்து தேடுமுன் கூரை ஒழுக்கை அடையுங்கள். தூணடியில் மண் குவியாமல் பாருங்கள். வாகனத்தைத் தரையில் வைக்காமல், சுவரைவிட்டு விலக்கி, காற்றோட்டமான இடத்தில் கல்மேடைமீது வையுங்கள்.

வயலுக்கு வாங்கிய மருந்தை வாகனத்தில் தெளிக்கும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும். அது வண்ணத்தைக் கெடுக்கும். தோள் கொடுப்போரின் உடலில் படும். வண்ணப் பூச்சைத் தாண்டிப் புழு இருக்கும் ஆழத்திற்குச் செல்லவும் செல்லாது. வண்ணமில்லாத உள்மரத்திற்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீர் பயன்படும். மழையில் நனையும் மரத்தில் அது நிலைக்காது. கரைசலைக் குழந்தைகளும் கால்நடைகளும் நெருங்காதபடி பாதுகாக்க வேண்டும்.

சிற்பமும் வண்ணமும் உள்ள பழம்பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் கையாளும் முறை வேறு. பொருளைக் காற்றுப்புகா உறையிலிட்டு, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, உயிர்வளியை அரை சதவீதத்திற்கும் கீழே குறைத்து, சுமார் மூன்று வாரம் வைக்கிறார்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் மூச்சின்றி மடியும். வண்ணத்தில் ஒரு கீறலும் விழாது. ஆயினும் பிற்பாடு புதுப்பூச்சி வராமல் அது தடுக்காது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் ரசாயனப் பாதுகாப்புக்கூடம் இருந்துவருகிறது. அங்குள்ள நிபுணர்களைக் கலந்தாலோசிப்பதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலாயின், அத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெறவேண்டும்.

நாம் சொன்ன சிம்ம வாகனத்திற்கு வைரம் பாய்ந்த தேக்கில் நான்கு கால்கள் மட்டும் புதிதாகப் பொருத்தப்பட்டன. புது வாகனத்திற்கென்று போட்ட மதிப்பில் சிறு பகுதியே செலவாயிற்று. மிச்சத்தில் வாகன அறையின் கூரையைப் பழுதுபார்த்தார்கள். முறிந்த பழைய காலை நாம் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். உரை முடிந்ததும் மேசைமீது வைக்கிறோம். ஒவ்வொருவரும் கையிலெடுத்து, எடை எவ்வளவு குறைந்திருக்கிறதென்று பார்த்துச் செல்லுங்கள்.