சர்வர் எழும்பாத காலையில்

(காஞ்சிபுரத்தில், அலுவலகக் கணினிப் பணியாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மெயின்ஃப்ரேம் பற்றிப் பேச இந்த ஊர் பொருத்தமான இடம்தான். பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் மாலை மாதிரி தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவர் துளையட்டைகளை வைத்துத்தான் கணக்கு எடுத்தார். அவர் தொடங்கிய கம்பெனி பிறகு ஐ.பி.எம்.-மின் ஒரு பகுதியானது. இங்கே அட்டை கிழிஞ்சா முதலில் தறியை நிறுத்துவாங்க. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதுதான்.

மெயின்ஃப்ரேம் ஒன்றுக்குள் இசட்/வி.எம். என்ற மென்பொருள் பல லினக்ஸ் சர்வர்களைத் தனித்தனி வீட்டில் குடிவைத்தது போல் ஓட்டுகிறது. டிஸ்க் இணைப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால், ஒரு சர்வரின் கோப்பு அமைப்பு சிதையலாம். காலையில் அது எழும்பாது. வெளியே டோக்கனோடு கூட்டம் நிற்கும். நமக்குக் கை பதறும்.

எனக்கும் பதறியது. பல வருஷத்துக்கு முன், ஓர் அலுவலகத்தில், மவுன்ட் ஆகியிருந்த டிஸ்க்கின் மேலேயே எஃப்.எஸ்.சி.கே. கட்டளையைக் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று விட்டேன். சர்வர் எழுந்தது. ஆனால் ஸ்கேன் செய்த விண்ணப்பங்கள் பேர் இழந்து, வெறும் எண்களாக 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, யாருடையது என்று பார்க்க இரண்டு நாள் ஆச்சு. ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் கிடைக்கவே இல்லை. அவங்க மறுபடி பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டாங்க. எஃப்.எஸ்.சி.கே. டிஸ்க்கின் ஒழுங்கைத்தான் சரிசெய்யும். உள்ளே இருந்த தகவலுக்கு அது பொறுப்பில்லை.

சரி, எப்படிச் செய்யணும்? பாதித்த சர்வருக்குள்ளேயே போராடாதீங்க. அதன் 3270 கன்சோலில் வி.ஐ. எடிட்டர்கூட ஒழுங்கா ஓடாது. அந்த சர்வரை முழுசா லாக்-ஆஃப் செய்யுங்க. நன்றாக ஓடும் இன்னொரு லினக்ஸ் சர்வரில் அதன் மினிடிஸ்க்கை, முதலில் படிக்க மட்டும், 'லிங்க்' செய்து ஆன்லைனுக்குக் கொண்டுவாங்க. மவுன்ட் வேண்டாம். வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்க. இதுக்கு நேரம் ஆகும். மேலதிகாரி போன் செய்வார். எடுத்தே ஆகணும்.

இனிமேல் எல்லா வேலையும் நகலின் மேல்தான். எக்ஸ்ட்4 என்றால், எதையும் மாற்றாமல் சோதிக்கும் 'என்' விருப்பத்தோடு எஃப்.எஸ்.சி.கே. ஓட்டி, என்ன சொல்கிறது என்று பாருங்க. சூப்பர்பிளாக்கே படிக்க முடியலையா? வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் அதன் முதல் மாற்றுப் பிரதி 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். அதைக் காட்டி ஓட்டலாம். எக்ஸ்.எஃப்.எஸ். என்றால் எஃப்.எஸ்.சி.கே. ஒன்றுமே செய்யாமல் 'சரி' என்று திரும்பிவிடும். பலர் இதில் ஏமாந்திருக்காங்க. அதுக்கு எக்ஸ்.எஃப்.எஸ்.-ரிப்பேர் தனியாக இருக்கு. அதிலும் பதிவேட்டை அழிக்கும் பெரிய 'எல்' விருப்பத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொடணும். கடைசியாக நடந்த மாற்றங்கள் அதோடு போய்விடலாம்.

சில நாள் டிஸ்க்கில் குறையே இருக்காது. எஃப்எஸ்டேப் கோப்பில் யாரோ தப்பாக எழுதிய ஒரு வரிதான் காரணமாக இருக்கும்! அதையும் இதே மாதிரி வெளியிலிருந்து திருத்தலாம்.

சரியான டிஸ்க்கைப் பழைய சர்வருக்குக் கொடுக்கும் முன், உதவிய சர்வரில் அதை ஆஃப்லைன் செய்து கழற்றிடுங்க. இரண்டு சர்வர் ஒரே டிஸ்க்கில் எழுதினால் திரும்பவும் சிதையும்.

எழுந்ததும் உடனே கவுண்டரைத் திறக்காதீங்க. முந்தின நாள் மாலை வழங்கிய ஒப்புகைச்சீட்டு எண்களை எடுத்து, கடைசி விண்ணப்பங்கள் திறக்குதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்க. எது திறக்கலையோ, அவங்களுக்கு நாமே போன் செய்யணும். அவங்க வந்து கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.