மருந்தும் அடைக்கலமும்



இல்லறத்தார்க்குச் சமணம் வகுத்த தானங்கள் நான்கு. ஆகார தானம், ஔஷத தானம், அபய தானம், சாத்திர தானம் என மரபில் வழங்கும் அவற்றை உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி எனத் தமிழில் கூறுவர். தமிழ்ச் சமணப் புலவர்கள் மருந்துக்கு அளித்த மதிப்பை அவர்கள் தம் அறநூல்களுக்கு இட்ட பெயர்களே காட்டும். சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களால் ஆன மருந்து. ஏலாதி ஏலம் முதலிய ஆறு பொருள்களால் ஆன மருந்து. உடலுக்கு மருந்து போல உயிருக்கு அறம் என்பது அப்புலவர்தம் கருத்து.

நான்கு தானங்களும் தம்முள் இசைந்தே நிற்கும் என்று எவரும் எண்ணுவர். ஆயினும் ஒருவர்க்கு மருந்து அளிப்பதன் பொருட்டு மற்றோர் உயிரின் அடைக்கலத்தைப் பறிக்க நேருமாயின் என்செய்வது? அங்கே ஔஷத தானமும் அபய தானமும் ஒன்றோடொன்று முரணி நிற்கின்றன. இற்றை நாள் மருத்துவத்தில் இத்தகைய இடங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில், முரணிய இரண்டையும் இசைவிக்கும் வழியைப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டறிந்தது. அந்த வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

ஊசி வழியாக உடலுக்குள் செலுத்தப்படும் எந்த மருந்தும் தூய்மையாக இருத்தல் வேண்டும். அதனைக் காய்ச்சிக் கிருமிகளைக் கொன்றுவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அது போதாது. சில வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் அகநச்சு என்னும் பொருள் உள்ளது. பாக்டீரியா மடிந்த பின்னும் அந்நச்சு மடிவதில்லை. கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கி நிற்கும். குருதியில் அது கலந்தால் காய்ச்சல் எழும். அளவு மிகுந்தால் குருதியழுத்தம் வீழ்ந்து உயிரும் போகும். முற்காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்க்குக் காரணம் தெரியாமல் வந்த குளிர்காய்ச்சலுக்கு, மருந்தைக் கரைத்த காய்ச்சி வடித்த நீரில் கலந்திருந்த பாக்டீரியாப் பொருளே காரணம் என்பதை 1920களில் அமெரிக்க அறிவியலாளர் ஃபுளோரன்ஸ் சீபர்ட் எடுத்துக்காட்டினார்.

அந்நச்சு கண்ணுக்குத் தெரியாது. எனவே அதனைக் கண்டறிய முயல்கள் பயன்பட்டன. மருந்தை முயலின் காதுச் சிரையில் செலுத்தி, உடல்வெப்பம் ஏறுகிறதா எனச் சில மணி நேரம் பார்ப்பர். 1942இல் அமெரிக்க மருந்து நெறிநூல் இச்சோதனையை ஏற்றுக்கொண்டது. ஊசி மருந்துகள் பெருகப் பெருக, சோதனைச் சாலைகளில் முயல்களும் பெருகின.

இந்நிலையை மாற்றியது ஒரு கடலுயிரி. குதிரைலாட நண்டு என்று அதனை அழைப்பர். பெயரில் நண்டு இருப்பினும் அது நண்டினம் அன்று, சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவினது. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளாக இக்குலம் உருவில் பெரிதும் மாறாமல் வாழ்ந்து வருகிறது. இன்று எஞ்சியுள்ள இனங்கள் நான்கு. ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் வாழ்கிறது. மற்ற மூன்றும் ஆசியக் கடல்களில் வாழ்கின்றன. அம்மூன்றனுள் இரண்டு ஒடிசா, வங்கக் கடற்கரைகளிலும் உள்ளன. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குக் காப்பு அளித்துள்ளது. இவ்வுயிரியின் குருதி நீலநிறமானது. நம் குருதியில் இரும்பு செய்யும் வேலையை அதன் குருதியில் செம்பு செய்வதே அந்நிறத்தின் காரணம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஃபிரெடரிக் பேங் என்னும் அறிஞர் இந்நண்டின் உடலில் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தபோது, அதன் குருதி கூழ்போல் உறைவதைக் கண்டார். 1956இல் அதனை எழுதி வெளியிட்டார். பின்னர் ஜாக் லெவின் என்னும் மருத்துவர் அவருடன் இணைந்தார். அகநச்சு பட்டவுடன் நண்டின் குருதியணுக்களில் உள்ள ஒரு பொருள் குருதியை உறையச் செய்து, கிருமியை அவ்விடத்திலேயே சிறைப்படுத்துகிறது என்பது தெளிவாயிற்று. அக்குருதியணுக்களிலிருந்து எடுத்த சாற்றில் மருந்தைச் சிறிது சேர்த்தால் போதும். உறைந்தால் நச்சு உண்டு, உறையாவிடில் இல்லை. முயலைவிட விரைவாகவும் நுட்பமாகவும் விடை தந்த இம்முறைக்கு அமெரிக்க அரசு 1977இல் ஒப்புதல் அளித்தது.

இதனால் எண்ணற்ற முயல்கள் பிழைத்தன. எண்ணற்ற மனிதர்களும் பிழைத்தனர். தடுப்பூசி, இன்சுலின், சலைன், இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு என உடலுக்குள் செல்பவை யாவும் அகநச்சுச் சோதனையைக் கடந்தே வருகின்றன. நீரை வடிகட்டி அருந்தி, கதிரவன் மறைவதற்குள் உண்டு, தேனையும் விலக்கி வாழும் ஒரு சமணக் குடும்பத்துக் குழந்தைக்கு இடப்படும் தடுப்பூசியின் பின்னணியிலும் இந்நீலக்குருதி இருந்து வந்துள்ளது. பெரும்பாலோர் இதனை அறியார்.

அந்த நன்மைக்கான விலையை நண்டு கொடுத்தது. முட்டையிடக் கரையேறும் பருவத்தில் பிடிபடும் நண்டுகளை வரிசையாகக் கட்டிவைத்து, இதயத்தருகே ஊசி செருகிக் குருதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வடிப்பர். பின்னர் கடலில் விடுவர். அமெரிக்கக் கரையில் மட்டும் ஆண்டுதோறும் பல லட்சம் நண்டுகள் இவ்வாறு பிடிக்கப்படுகின்றன. விடுவிக்கப்பட்டவற்றுள் 100க்கு 15 மடிவதாக மீன்வள ஆணையம் கணக்கிடுகிறது. 30 வரை மடியலாம் என்று கூறும் ஆய்வுகளும் உண்டு. ஆசியக் கரையின் நிலை இதனினும் கொடிது. சீனத்தில் குருதி வடிக்கப்பட்ட நண்டுகள் கடலுக்குத் திரும்பவில்லை, உணவுக்கு விற்கப்பட்டன. அங்கு வாழும் இனம் அழியும் ஆபத்தில் உள்ளதாக 2019இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. இந்நண்டு இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடையப் பத்தாண்டுகள் அளவில் ஆகும். இழந்ததை விரைவில் ஈடுசெய்ய இயலாத உயிர் அது.

ஓர் உயிரின் துன்பம் அதனோடு முடிவதில்லை. ரெட் நாட் என்னும் உள்ளான் இனப் பறவை, தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வடதுருவப் பகுதிவரை ஆண்டுதோறும் பறந்து செல்கிறது. மே மாதத்தில் டெலவேர் விரிகுடாவில் இறங்கி, இந்நண்டுகள் மணலில் இட்ட முட்டைகளை உண்டு வலிமை பெற்றே எஞ்சிய தொலைவைக் கடக்கிறது. மீன்பிடி இரைக்காக நண்டுகள் 1990களில் பெருமளவில் கொல்லப்பட்டன. குருதிக்காகப் பிடிப்பதும் அதனோடு சேர்ந்தது. முட்டைகள் குறைந்தன, பறவைகளும் குறைந்தன. 2014இல் அமெரிக்க அரசு இப்பறவையை ஆபத்துக்குட்பட்ட இனமாகப் பட்டியலிட்டது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியே வாழ்கின்றன என்னும் சமண வாக்கின் மறுபக்கத்தை டெலவேர் கரை காட்டியது.

இவ்விடத்தில்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் வரலாற்றில் நுழைகிறது. டிங் ஜியக் லிங் அம்மையாரும் அவர்தம் கணவர் ஹோ போ அவர்களும் அங்குப் பணியாற்றினர். செயற்கைக் கருவூட்டலில் கருக்கள் தழைக்காமல் அழிவதற்கு அகநச்சு காரணமாகுமோ என்னும் வினா 1980களில் அவர்கள்முன் வந்தது. நச்சைக் கண்டறியும் சோதனைப் பொருளோ விலை மிகுந்தது. சிங்கப்பூரின் கிராஞ்சிக் கழிமுகச் சதுப்பு நிலத்திலும் குதிரைலாட நண்டு உண்டு. நண்டைப் பிடித்துக் குருதி வடிப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அக்குருதியில் நச்சை முதலில் உணரும் பொருள் எது, அதனை நண்டின்றியே உண்டாக்க இயலாதா என்று வினவினர்.

நச்சை முதலில் தொட்டு உணர்வது ‘காரணி சி’ எனப்படும் ஒரு புரதம். மணியை முதலில் அடிப்பது அதுவே. குருதியை உறைய வைக்கும் பிற புரதங்கள் அவ்வொலி கேட்டு ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இத்தொடர்ச்சியை விளக்கியதில் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக அறிஞர்களுக்கும் பெரும் பங்குண்டு. டிங், ஹோ இருவரும் அப்புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்து வேறோர் உயிரணுவில் பொருத்தினர். முதலில் ஈஸ்ட்டில் முயன்றபோது எண்ணிய பயன் கிட்டவில்லை. பின்னர் ஆய்வுக்கூடக் கலத்தில் வளரும் பூச்சியின் உயிரணுக்களில் முயன்று வென்றனர். புரதம் கிடைத்தது, அது நச்சைத் தொட்டால் ஒளிரும் சோதனை முறையும் கிடைத்தது. 2003இல் அது விற்பனைக்கு வந்தது.

அந்த ஆய்வுக்கும் தொடக்கத்தில் நண்டின் குருதி தேவைப்பட்டது. பயன்படும் உயிரணுக்களும் முதலில் ஒரு பூச்சியிடமிருந்தே வந்தவை. எனவே இது முற்றும் இம்சையற்றது என்று கூறுதல் வாய்மைக்குப் பொருந்தாது. எனினும் ஒருமுறை எடுத்த உயிரணுக்கள் கலத்தில் தாமே பெருகுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான உயிர்களைக் கரையிலிருந்து வாரிச் செல்ல வேண்டியதில்லை. இல்லறத்தார்க்கு உரியது மகாவிரதம் அன்று, அணுவிரதம். முற்றும் துறக்க இயலாத இம்சையை இயன்ற அளவு குறைத்துக்கொண்டே செல்வது அணுவிரதத்தின் நெறி. முயலிலிருந்து நண்டுக்கும், நண்டிலிருந்து கலத்துக்கும் அறிவியல் சென்ற வழி அந்நெறிக்கு மிக அணித்தானது.

ஆனால் அறிந்தவுடன் உலகம் மாறிவிடவில்லை. மாற்றுப்பொருள் விற்பனைக்கு வந்த பின்னும் மருந்து நிறுவனங்கள் பழைய வழியையே பின்பற்றின. தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. புதிய பொருளைத் தொடக்கத்தில் ஒரே நிறுவனம் விற்றது. நெறிநூல்களில் அதற்கு அப்போது இடமிருக்கவில்லை. எனவே அதனைப் பயன்படுத்துவோர், பழைய முறைக்கு அது நிகரானது என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நோயாளியின் உயிர் பணயமாக உள்ள இடத்தில் ஐயத்துக்கு இடமளித்தல் ஆகாது என்னும் எச்சரிக்கையும் தள்ளத்தக்கதன்று. எலி லில்லி என்னும் நிறுவனம் புதிய முறையால் சோதித்த ஒற்றைத் தலைவலி மருந்து ஒன்றுக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஐரோப்பிய மருந்து நெறிநூலில் இம்முறை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க நெறிநூல் 2020இல் பின்வாங்கி, 2024இல் ஒப்புதல் அளித்து, 2025 மே மாதத்தில் நடைமுறைப்படுத்தியது. ஆய்வுக்கூடத்தில் விடை கிடைத்த பின்னரும் அவ்விடை நெறிநூலில் ஏறுதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த ஆண்டுகள் தோறும் கரையில் நண்டுகள் கட்டப்பட்டே இருந்தன. இன்றும் பழைய முறை முற்றும் ஒழியவில்லை; புதியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்னும் வாயில் மட்டுமே திறந்துள்ளது.

அவையோரே, இதனைக் கேட்ட எவரும் ஊசி மருந்தை மறுத்தல் கூடாது. நோயுற்றவர்க்கு மருந்தை மறுப்பது அறம் ஆகாது. தடுப்பூசியின்றிக் குழந்தையை விடுவது அதன் அபயத்தையே பறிப்பதாகும். கருதிச் செய்யும் இம்சை வேறு, வாழ்வின் நடைமுறையில் நேரும் இம்சை வேறு என்று நூல்கள் பிரித்துரைத்தது இத்தகைய இடர்ப்பாட்டை உணர்ந்தே. ஆனால் மாற்று வழி இல்லாதபோது தவிர்க்க இயலாததாக இருந்த இம்சை, மாற்று வழி கண்ட பின்னரும் தொடருமாயின், அதனைத் தவிர்க்க இயலாதது என்று இனியும் கூறுதல் எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை தரவேண்டியவர் தொலைவில் இல்லை. உலகுக்குத் தடுப்பூசியும் ஊசி மருந்தும் செய்து அனுப்பும் நாடுகளுள் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. மருந்தியலும் உயிர்த் தொழில்நுட்பமும் பயிலும் இளைஞர்கள் இந்த அரங்கிலும் அமர்ந்திருக்கலாம். நாளை அவர்கள் ஒரு சோதனைச் சாலையில் பணியேற்கும்போது, எந்த முறையால் அகநச்சைச் சோதிப்பது என்னும் முடிவு அவர்கள் மேசைக்கு வரும். அம்முடிவை எடுக்கும் கை, நண்டின் கட்டை அவிழ்க்கும் கையாகவும் இருக்கலாம். விளக்கேற்றி வழிபடுவதும் நோன்பு நோற்பதும் போலவே, அதுவும் அகிம்சையின் செயலே.

நான்கு தானங்களுள் மருந்தும் அடைக்கலமும் முரணி நின்றபோது, அவ்விரண்டையும் இசைவித்தது நான்காவதாகிய கல்வி. நண்டின்மேல் இரக்கம் கொண்டோர் முன்னரும் இருந்திருப்பர். இரக்கம் மட்டும் அதனை விடுவிக்கவில்லை. ஆண்டுக்கணக்காக ஆய்ந்த உழைப்பே அதற்கு வழி திறந்தது. ஏழை மாணவர் ஒருவர் உயிரியலோ மருந்தியலோ பயில இவ்வறக்கட்டளை போன்ற அமைப்புகள் அளிக்கும் ஒவ்வோர் உதவித்தொகையும் சாத்திர தானம் ஆகும். அதிலிருந்து ஔஷத தானமும் அபய தானமும் ஒருசேர விளையக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூர் ஆய்வே சான்று.

கொடுப்போர் கொடுக்க, கற்போர் கற்க, உயிர்கள் அச்சமின்றி வாழ்க.